நொடிந்துபோகும் நிறுவனத்தை அரசு தாங்கிப் பிடிக்க வேண்டுமா? பிடித்தால் முதலில் யாரை?

கேள்வி
பதிந்தவர்: கணபதி லேத் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் 19 ஆண்டுகளாகச் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். பம்பு, மோட்டார் தயாரிப்பவர்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதும், அவர்கள் அனுப்பும் இம்பெல்லர் வார்ப்படங்களை அளவுக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் எங்கள் ஜாப் ஆர்டர். நான்கு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், ஏழு ஆட்கள். பொருளாதாரம் நான் படித்ததில்லை. கடனுக்கு வேலை செய்து கொடுத்துப் பழகியவன் என்ற முறையில்தான் கேட்கிறேன்.

2020 ஊரடங்கின்போது மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வங்கியில் எங்களுக்கு இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதத்தை, புதிய அடமானம் எதுவும் கேட்காமல், அரசின் உத்தரவாதத்தின் பேரில் வங்கி கொடுத்தது. முதல் ஓராண்டு வட்டி மட்டும் கட்டினேன்; அடுத்த மூன்று ஆண்டுகளில் அசலையும் தவணை தவறாமல் கட்டி முடித்தேன். அந்தப் பணம் வந்திருக்காவிட்டால் ஏழு பேரில் நான்கு பேரையாவது வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆகவே அரசு கைகொடுப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கையைப் பிடித்துக் கரையேறியவன் நான்.

என்னை உறுத்துவது வேறு. 2025 மார்ச் இறுதியில், வோடபோன் ஐடியா நிறுவனம் அலைக்கற்றைக்காக அரசுக்குக் கட்ட வேண்டியிருந்த பாக்கியில் 36,950 கோடி ரூபாயை அரசு பங்குகளாக மாற்றிக்கொள்ள முடிவு செய்தது. பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் என்று கணக்கு. அப்போது சந்தையில் அதன் விலை 7 ரூபாய்கூட இல்லை. அதற்கு முன் 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கியும் இதே போலப் பங்காக மாறியிருந்தது. இப்போது அரசின் பங்கு 48.99 சதவீதம், நிர்வாகம் மட்டும் பழைய முதலாளிகளிடமே இருக்கிறது.

ஏறத்தாழ இதே காலகட்டத்தில், நான் ஜாப் ஆர்டர் செய்து கொடுத்துவந்த ஒரு பம்பு நிறுவனம் (பெயர் வேண்டாம்) திவால் சட்டத்தின் கீழ் போனது. எனக்கு வர வேண்டியது 4,60,000 ரூபாய். டெலிவரி சலான், பில், சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்து எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, பாக்கியைக் கோரும் படிவம் பி பூர்த்தி செய்து அனுப்பினேன். ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து என் கணக்கில் 13,800 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. நிறுவனம் பிழைத்துக்கொண்டது, வேறொருவர் வாங்கி நடத்துகிறார்.

பெரிய நிறுவனம் விழும்போது அரசு தாங்கிப் பிடிப்பது சரியா என்பது என் முதல் கேள்வி. சரி என்றால், அப்படிப் பிடிக்கும்போது யாரை முதலில் பிடிக்க வேண்டும் என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். அனுபவப்பட்டவர்கள் எழுதினால் நன்றியோடு படிப்பேன்.


பதில் 1
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கரூர்

நண்பருக்கு வணக்கம். 34 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன், அதில் பெரும்பகுதி கடன் பிரிவில் இருந்தவன் என்பதால், வங்கிகளை முன்வைத்தே பேசுகிறேன்.

ஒரு சாதாரண நிறுவனம் மூடப்பட்டால் அதில் வேலை பார்த்தவர்களும் அதற்குச் சரக்கு கொடுத்தவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். வங்கி மூடப்பட்டால், அந்த வங்கியின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவருடைய சம்பளம்கூட நின்றுபோகும். அதனால் வங்கியைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. வைப்புதாரரைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அந்தக் காப்பாற்றலின் செலவை யார் தலையில் வைப்பது என்பதில்தான் அரசின் நேர்மை தெரியும்.

2020ஆம் ஆண்டில் எட்டு மாத இடைவெளியில் இரண்டு வங்கிகள் விழுந்தன. மார்ச் மாதம் யெஸ் வங்கி. பணம் எடுக்க 50,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள். ஸ்டேட் வங்கி 6,050 கோடியும் மற்ற ஏழு வங்கிகள் மீதியுமாகச் சேர்த்து 10,000 கோடி ரூபாய் மூலதனம் போட்டன. இரண்டு வாரத்துக்குள் வரம்பு நீங்கியது. வங்கி நொடித்தால் பணம் திரும்பாமல் போகலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் ஏடி-1 கடன் பத்திரங்கள், 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, ஒரே உத்தரவில் பூஜ்யமாயின. ஆனால் பழைய பங்குதாரர்களின் பங்குகள் பூஜ்யமாகவில்லை. 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டு விற்க முடியாது, அவ்வளவுதான்.

நவம்பரில், 1926இல் எங்கள் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் முறை வந்தது. 17ஆம் தேதி மாலை 25,000 ரூபாய் வரம்பு அறிவிக்கப்பட்டது. 27ஆம் தேதி அது டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்தது. ஏறத்தாழ 20 லட்சம் வைப்புதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை; நாலாயிரம் ஊழியர்களின் வேலையும் தொடர்ந்தது. ஆனால் பங்குதாரர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. பங்கு மூலதனம் முழுவதும் துடைக்கப்பட்டது. கரூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அந்தப் பங்கைச் சொத்து மாதிரி, நகை மாதிரி, பிள்ளைகளுக்கு எழுதி வைத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய துக்கம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கொள்கை என்று பார்த்தால், பங்கு என்பது லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் சேர்த்து வாங்கிய உரிமை என்பதால், லட்சுமி விலாஸில் செய்ததையே நான் சரி என்பேன். சரியில்லாதது, மார்ச்சில் ஒரு விதியும் நவம்பரில் வேறொரு விதியுமாக இருந்ததுதான். பெரிய வங்கியின் பங்குதாரருக்கு மிச்சம் உண்டு, சிறிய வங்கியின் பங்குதாரருக்கு இல்லை என்றால், அடுத்த முறை எல்லோரும் பெரிதாவதைப் பற்றி மட்டுமே யோசிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசு தாங்கிப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே வங்கிகள் தாங்கிப் பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன, அது வெளியே தெரிவதில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நூற்பாலையின் கிடங்கைச் சோதிக்கப் போனேன். சரக்குப் பட்டியலில் இருந்த எண்ணிக்கைக்குக் குறையாமல் பேல்கள் அடுக்கப்பட்டிருந்தன. முன் வரிசைப் பேலில் கைவைத்துப் பஞ்சைப் பிடுங்கி இழை நீளம் பார்த்தேன், நல்ல பஞ்சு. பின்பக்கம் போக வழியில்லாமல் நெருக்கி அடுக்கியிருந்ததால், கிடங்குக்காரரிடம் ஏணி கேட்டு மேலே ஏறி, மூன்றாவது வரிசையில் ஒரு பேலின் சாக்கைக் கிழித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தது கூட்டிப் பெருக்கிய கழிவுப் பஞ்சு. அறிக்கை எழுதினேன். ஆனாலும் அந்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அந்தக் கடன் புதுப்பிக்கப்பட்டது, ஏனென்றால் புதுப்பிக்காவிட்டால் அது வாராக்கடன் ஆகிவிடும். கடைசியில் ஆலை மூடியபோது, முதல் ஆண்டிலேயே மூடியிருந்தால் தொழிலாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகையை அந்த இரண்டு ஆண்டு வட்டி தின்றிருந்தது.


பதில் 2
பதிந்தவர்: முன்னாள் தொலைத்தொடர்புத் துறை பொறியாளர்

வோடபோன் ஐடியா பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதில் ஒரு பாதிதான் பேசப்படுகிறது.

அந்த நிறுவனம் சந்தையில் தோற்றதால் மட்டும் இந்த நிலைக்கு வரவில்லை. உரிமக் கட்டணத்தைக் கணக்கிடும்போது எது எது வருமானம் என்பதில் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. தொலைபேசிச் சேவைக்குச் சம்பந்தமில்லாத வாடகை, வட்டி வருமானங்களும் அதில் சேரும் என்பது அரசின் வாதம். 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அசல் பாக்கியின் மேல் வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி என்று ஏறி, வோடபோன் ஐடியா தரவேண்டியது மட்டும் 58 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் ஜியோ வந்து கட்டணம் தரைக்கு இறங்கியிருந்தது. ஆக, இந்த விவகாரத்தில் அரசு வெளியிலிருந்து வந்து கைகொடுத்த மூன்றாம் ஆள் இல்லை. கடன் கொடுத்தவரும் அதுதான், வட்டியைக் கணக்கிட்டவரும் அதுதான். நிறுவனம் செத்துப்போனால் அரசின் பாக்கி திவால் சட்டத்தின் வரிசையில் வெகு கீழே நின்றிருக்கும். ஒரு பைசா வருவதும் சந்தேகம். பங்கு 10 ரூபாய் என்பதும் சலுகை விலை இல்லை. முகமதிப்புக்குக் கீழே புதிய பங்கு கொடுக்க கம்பெனிச் சட்டம் இடம் தராது என்பதால் வந்த விலை அது.

இதைவிட முக்கியம், அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ 20 கோடி வாடிக்கையாளர்கள். 2017, 2018இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், டாடா டோகோமோ, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது, அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டு எண் கிடைக்காமல் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களில் மக்கள் வரிசையில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அப்போது போவதற்கு வேறு இடம் இருந்தது. இன்று வோடபோன் ஐடியாவும் போய்விட்டால் தனியாரில் இருவர் மட்டுமே மிஞ்சுவார்கள். இருவர் மட்டும் உள்ள கடைத்தெருவில் விலை எப்படி இருக்கும் என்று கணபதி நண்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் அவரோடு உடன்படுகிறேன். 2021 ஜூனில் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் குமார் மங்கலம் பிர்லாவே அரசுக்குக் கடிதம் எழுதி, தன் குழுமத்தின் பங்கை அரசு சொல்லும் எந்த அமைப்புக்கும் கொடுக்கத் தயார் என்று சொன்னார். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்திருக்கலாம். அதை விட்டு, பாதிக்கு ஒரு நூலிழை குறைவாகப் பங்கை எடுத்துக்கொண்டு, பொதுத்துறை நிறுவனம் என்ற பொறுப்பும் இல்லாமல், முதலாளி என்ற அதிகாரமும் இல்லாமல் அரசு உட்கார்ந்திருப்பது எனக்கும் சரியாகப் படவில்லை.

நான் வேலை பார்த்த பிஎஸ்என்எல்லுக்கு 2019, 2022, 2023 என்று மூன்று தொகுப்புகளில் 3.22 லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு ஆதரவு அறிவிக்கப்பட்டது. முதல் தொகுப்பில் 78 ஆயிரம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினோம். 2024 டிசம்பர் காலாண்டில் 17 ஆண்டுகளுக்குப் பிறகு 262 கோடி ரூபாய் லாபம் வந்தது என்று கேட்டபோது மகிழ்ந்தேன். அடுத்த ஜூன் காலாண்டில் மீண்டும் நஷ்டம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. போட்டியாளர்கள் 4ஜி அலைக்கற்றையோடு ஓடியபோது அதைக் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்துப் பணத்தைக் கொட்டினால் ஓட்டம் இப்படித்தான் இருக்கும்.


பதில் 3
பதிந்தவர்: சிங்காநல்லூர் ஆசிரியை

கோவையைப் பற்றிப் பேசும் இடத்தில் மில்லைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டு நலிந்த பஞ்சாலைகள் தேசியமயச் சட்டத்தின் மூலம் நாடெங்கும் 103 ஆலைகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. தேசியப் பஞ்சாலைக் கழகம், நாங்கள் சொல்லும் என்டிசி. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய, ஊரார் இன்றும் ஸ்டேன்ஸ் மில் என்றே சொல்லும் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் என்று கோவையில் மட்டும் ஐந்து ஆலைகள் கடைசி வரை ஓடின. கமுதக்குடியிலும் காளையார்கோவிலிலும் ஒவ்வொன்று. இந்திய அரசு நலிந்த நிறுவனங்களைத் தாங்கிப் பிடித்த வரலாற்றில் இதைப் போல் நீண்ட காலம் நீடித்தது குறைவு.

என் அப்பா என்டிசியில் வேலை பார்க்கவில்லை. தனியார் ஆலை ஒன்றில் ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்பு மெஷின் பார்ப்பவர். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா திண்ணையிலேயே நிறுத்தி ஈரத்துண்டால் துடைத்துவிட்ட பிறகுதான் உள்ளே வருவார். 1996இல் அந்த ஆலை ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டி மூடிக்கொண்டது. அரசும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. அப்பாவின் கிராஜுவிட்டி வந்து சேர 11 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளைவிட ஐந்து வயது இளையவளான நான் படித்ததே அவள் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில்தான்.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு ஒரு மாமா வீடு. அவர் என்டிசி மில்லில் இருந்தார். சம்பளம் பெரிதில்லை, ஆனால் மாதாமாதம் வந்தது. தீபாவளிக்கு போனஸ் வந்தது. அவருடைய இரண்டு பெண்களும் கல்லூரி முடித்தார்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அரசு தாங்கிப் பிடித்திருந்தது, இந்தப் பக்கம் பிடிக்கவில்லை. அரசு எதற்காக நஷ்டத்தில் ஓடும் கம்பெனியைத் தாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கு என் அக்காவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இருந்தாலும், அந்த 46 ஆண்டுகளில் நடந்ததை முழுவதும் பார்க்க வேண்டும். ஆலைகளை எடுத்துக்கொண்ட அரசு, அவற்றைப் புதுப்பிக்கத் தேவையான முதலீட்டை வேண்டிய காலத்தில் போடவில்லை. சம்பளம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் ஆண்டுதோறும் பணம் வந்தது. அதே கோவையில், அதே பஞ்சை வாங்கி, புது மெஷின் போட்ட தனியார் ஆலைகள் வளர்ந்தன. பிறகு 2002க்குப் பின் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. பல ஆலைகள் மூடப்பட்டு, பல்லாயிரம் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். மும்பையில் ஆலை நிலங்களை விற்ற பணத்தில் மீதி ஆலைகளை நவீனப்படுத்துவோம் என்றார்கள். கோஹினூர் மில்லின் நிலம் மட்டும் 2005இல் 421 கோடி ரூபாய்க்குப் போனது. கடைசியில் மிஞ்சிய 23 ஆலைகளும் 2020 மார்ச் ஊரடங்குக்கு நின்றன. ஊரடங்கு முடிந்தது, ஊர் திறந்தது, அந்த ஆலைகளின் சங்கு மட்டும் மறுபடி ஊதவில்லை. மூடிவிட்டோம் என்ற அறிவிப்பும் இல்லாமல், ஓட்டுகிறோம் என்ற உறுதியும் இல்லாமல், பாதிச் சம்பளத்தில் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட் முன்னால் போராடினார்கள்.

என் அப்பாவுக்காவது மூடிவிட்டார்கள் என்று அன்றைக்கே தெரிந்தது. அடுத்த வேலை தேட 48 வயதில் கிளம்பினார். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பின் அதே மில்லில் சேர்ந்தவர்களுக்கு அந்தத் தெளிவுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே, அரசு தாங்கிப் பிடிக்கட்டும், ஆனால் எத்தனை ஆண்டு, என்ன முதலீடு, முடியாமல் போனால் தொழிலாளருக்கு எந்தத் தேதியில் என்ன தொகை என்பதை முதல் நாளே எழுதிக் கேட்டில் ஒட்டட்டும். இதற்குக் குறைந்த எதையும் நான் காப்பாற்றுதல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.


பதில் 4
பதிந்தவர்: காஸ்ட் அக்கவுண்டன்ட், சென்னை

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். திவால் வழக்குகளில் உரிமைகோரல்களைச் சரிபார்க்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன்.

2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கலைக்கப்படும் நிறுவனத்தின் பணம் எந்த வரிசையில் போகும் என்று சொல்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும், அடமானம் பெற்ற வங்கிகளும் சரிசமமாக. பிறகு மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாக் கடன், அரசின் பாக்கி. அதற்கும் கீழே, மீதிக் கடன்கள் என்ற கூட்டத்தில்தான் சரக்குக் கொடுத்தவர் நிற்கிறார். நிறுவனத்தை வேறொருவர் வாங்கி நடத்தும்போதும், கலைத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுத்தால் போதும் என்பதுதான் சட்டம் தரும் பாதுகாப்பு. கலைத்திருந்தால் பெரும்பாலும் எதுவும் கிடைத்திருக்காது. அதனால்தான் 13,800 ரூபாய். போதாததற்கு, வழக்குத் தொடுக்கவே குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வரம்பை உயர்த்திவிட்டார்கள். சிறு பட்டறைகள் தாமாக அந்தக் கதவைத் தட்டவே முடியாது.

ஆனாலும் இந்தச் சட்டத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதற்கு முன் நலிந்த நிறுவனங்களுக்கென்று இருந்த வாரியத்தில் ஒரு ஆலையின் கோப்பு பத்தாண்டுகள்கூடக் கிடக்கும். முதலாளி அதுவரை நாற்காலியில் இருப்பார். இப்போது முதலாளி வெளியேறுகிறார், நிறுவனம் நிற்கிறது. எஸ்ஸார் ஸ்டீலை 2019 டிசம்பரில் ஆர்செலர்மித்தல் 42 ஆயிரம் கோடி ரூபாய் கொடுத்து எடுத்தபோது உலை அணையவில்லை. 2009இல் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானபோது அரசு ரொக்கம் எதுவும் கொடுக்கவில்லை. இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு, தீபக் பாரேக், கிரண் கார்னிக் போன்றவர்களை நியமித்தது. நான்கே மாதத்தில் டெக் மஹிந்திரா வாங்கியது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு சிறை சென்றார். ஏர் இந்தியாவுக்கு 2012இல் 30,231 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு, அதையும் கொடுத்து, 2021இல் டாடாவுக்கு விற்றபோது கையில் வந்த ரொக்கம் 2,700 கோடி. சத்யத்தில் எடுத்த முடிவை அங்கே பத்தாண்டு முன்பு எடுத்திருந்தால் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

சரக்குக் கொடுப்பவரை முதலில் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2009இல் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் காப்பாற்றியது. அந்த மார்ச் மாதத்தில், இரண்டும் திவால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, அவற்றுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கென்று தனியாக 500 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சரக்கு அனுப்பிய பில்லுக்கு அரசு உத்தரவாதம். வேண்டுமானால் சிறிது கழிவோடு உடனே பணமாக்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய டிசம்பரில் ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி, தனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, போட்டியாளர்களுக்கு உதவுங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டதும் இதற்காகத்தான். மூவருக்கும் போல்ட்டும் பேரிங்கும் கொடுப்பவர்கள் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை அதிகாரி ரிக் வாகனர் பதவி விலக வைக்கப்பட்டார். பழைய பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளரின் மருத்துவ அறக்கட்டளைக்குப் புதிய நிறுவனத்தில் 17.5 சதவீதப் பங்கு கிடைத்தது. அரசுக்கு அதில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம்தான். அந்த நஷ்டத்துக்கு என்ன வாங்கினார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது மூன்று. சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் பணம் பெற உரிமை உண்டு. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு மாநில அரசு அமைத்துள்ள வசதி மன்றத்தில் மனுச் செய்யலாம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் உத்தரவு வந்திருக்கிறது. அதில் உங்கள் பில்லை ஏற்றி, வாங்குபவர் ஒப்புக்கொண்டுவிட்டால், வங்கி உடனே பணம் தரும், பிறகு அவர் நொடிந்தாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. மூன்றாவது, நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போன பிறகு நீங்கள் அனுப்பும் சரக்கின் பணம் நடவடிக்கைச் செலவில் சேர்ந்து வரிசையின் தலைக்கு வந்துவிடும். பழைய பாக்கியையும் புதிய பில்லையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிந்தவர்: கணபதி லேத் பட்டறை

எழுதிய நால்வருக்கும் நன்றி. வங்கி மேலாளர் ஐயா ஏணி வைத்துப் பின்வரிசைப் பேலைக் கிழித்துப் பார்த்ததைப் படித்தபோது, அந்தப் பம்பு நிறுவனத்தில் நான் கவனிக்கத் தவறியது நினைவுக்கு வந்தது. கடைசி ஆறு மாதம் அவர்கள் ஷாஃப்டுக்கான கம்பியை அனுப்புவதை நிறுத்திவிட்டு, நீங்களே வாங்கிப் போட்டுச் செய்யுங்கள், பில்லில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதை எங்கள்மேல் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். 4,60,000 ரூபாயில் பாதிக்கு மேல் அந்தக் கம்பியின் விலைதான்.

வோடபோன் ஐடியா விஷயத்தில் பொறியாளர் சொன்ன காரணங்களை ஏற்றுக்கொள்கிறேன். 20 கோடிப் பேரைத் தெருவில் விட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு டவர் கட்டியவர்களும், கேபிள் புதைத்தவர்களும், ரீசார்ஜ் விற்ற கடைக்காரர்களும் தங்கள் பாக்கியை எதுவாக மாற்றிக்கொண்டார்கள் என்ற கேள்வியை நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஆசிரியை அம்மா எழுதியதைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். எங்களிடம் கிரைண்டிங் பார்ப்பவரின் தந்தையும் மில்லில் இருந்தவர். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அண்ணா, நம் பட்டறையை மூடுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்று ஏழு பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டிரெட்ஸ் பற்றி இப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் அந்த விற்றுமுதல் வரம்புக்கு மேலே இருப்பார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை அவர்களுடைய பர்ச்சேஸ் பிரிவில் நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

இன்னொரு செய்தி. அந்தப் பம்பு நிறுவனத்தை வாங்கியவர்கள் நேற்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அதே டிராயிங், அதே அளவு, 400 ஷாஃப்ட். பழைய கணக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கம்பியை அவர்களே அனுப்ப வேண்டும், கூலியில் பாதி முன்பணமாக வர வேண்டும், வந்தால் வெள்ளிக்கிழமை லேத்தில் ஏற்றுகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.